இந்தக் காகிதமே சாட்சி

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி முழு ஆரோக்கியத்தோடும் முக்கால்வாசி நிம்மதியோடும் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர், ரிப்பேருக்கு வந்திருக்கும் நான்கு வாஷிங் மெஷின்கள் எல்லாம் நலம். அங்கே நீயும், அத்தானும், அத்தானுடைய முழங்காலும், நீ தலைமையாசிரியையாக இருந்து ஆட்டிப்படைக்கும் பள்ளிக்கூடமும், அதில் படிக்கும் தொள்ளாயிரம் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபது நிமிட பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் பேசினால், நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "சரிடா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இப்போது உன் கையில்தான் இருக்கிறது. தடவிப் பார். மேடும் பள்ளமுமாக இருக்கிறதா? மோந்து பார். சோப்பு வாசனை வருகிறதா? இது கடையில் வாங்கிய காகிதம் இல்லை அக்கா. உன் மருமகளும் மருமகனும் தங்கள் கையால் செய்தது.

பழைய கதையை முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். இல்லையென்றால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடுவாய். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று உன் வீட்டில் விருந்து. நான் பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நீ துண்டை நீட்டியபடியே, பின்னால் வரிசையில் நின்ற அத்தனை சொந்தக்காரர்களும் கேட்கும்படி, "ஏன்டா, ரெண்டு வருஷமா பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே வெச்சிருக்கே. பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது, தானா கத்துக்கும்னு சொல்றே. சரி, கத்துக்கட்டும். அதுங்க ஆரம்பிச்சு முடிச்ச வேலை ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் வாயை மூடிக்கறேன்" என்றாய். நான் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். விதி யாரை விட்டது? "ஆறு மாசம் டைம் குடுக்கா. காட்டலைன்னா நானே ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உன் ஸ்கூல்ல விட்டுடறேன்" என்று சபையில் சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற என் மனைவி முதுகில் கிள்ளினாள். அது 'பேசாதே' என்கிற கிள்ளல் என்று நான் புரிந்துகொள்வதற்குள் வாக்கியம் முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமையோடு அந்த ஆறு மாதம் முடிகிறது. நீ அனுப்பிய சேர்க்கை விண்ணப்பங்கள் இரண்டும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கின்றன.

நீ கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பிப்பதில் என் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முடிப்பதில்தான் கொஞ்சம் அப்படி இப்படி. பெரியவள் போன வருஷம் ஒரு நாடகம் எழுதினாள். இடைவேளை வரைக்கும் பிரமாதமாக வந்தது, நடித்தும் காட்டினார்கள், அதற்குப் பிறகு நாங்கள் ஏழு மாதமாக இடைவேளையில் இருக்கிறோம். சின்னவன் எறும்புகளைப் பற்றிக் கலைக்களஞ்சியம் எழுதத் தொடங்கி, முதல் எறும்பு எப்போது தூங்கும் என்று தெரிந்துகொண்டுதான் இரண்டாம் எறும்புக்குப் போவேன் என்று சமையல் மேடைக்குக் கீழே நான்கு நாள் படுத்திருந்தான். இருவருமாகச் சேர்ந்து எனக்கு ஒரு மழைக்கோட்டு தைத்தார்கள். அதற்கு ஒரு கைதான் உண்டு. இன்னொரு கைக்குத் துணி போதவில்லை என்றதும், "அப்பா, ஒரு கைல குடை பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி வேலையை முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். என் மனைவி அதை முடித்த வேலையாக ஏற்றுக்கொள்ளவில்லை. நான் ஏற்றுக்கொண்டேன், நனைந்தும் காட்டினேன்.

எங்கள் வீட்டில் பாடத்திட்டம்தான் கிடையாதே தவிரச் சட்டம் உண்டு அக்கா. சட்டம் இல்லாத வீடு என்று நீ உன் ஆசிரியைகளிடம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன், அது தவறு. சட்டம் ஒன்று: சமையலறை ஓரத்தில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் கூடையில் எது விழுந்தாலும் அது பிள்ளைகளுக்குச் சொந்தம், அதை வைத்து அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சட்டம் இரண்டு: பிள்ளைகள் ஒரு வேலையில் இறங்கிவிட்டால், அவர்களாகக் கேட்டால் ஒழியப் பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. உச்சுக் கொட்டுவதைச் சேர்த்தவள் பெரியவள். சட்டங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டியது நான். யாரை நோக முடியும்?

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். சின்னவனுக்கு எட்டு வயது ஆகியும் "எதுக்கு" என்கிற வார்த்தையை விட்டு அவன் இன்னும் வெளியே வரவில்லை என்பதும், அதனால் தெரு முழுக்க அவனை 'எதுக்கு' என்றே கூப்பிடுகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். பதினோரு வயதுக்காரியான பெரியவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவளே நீதான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, பழைய பேப்பர் கட்டை நான் கூடையில் போட்டேன். "இதை எதுக்குப் போடறீங்க?" என்றான் எதுக்கு. பழசாகிவிட்டது என்றேன். "பழசானா எதுக்குப் போடணும்? திரும்பப் புதுசா பண்ண முடியாதா?" என்றான். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் உள்ளே இருந்து, "பண்ணலாம். கிழிச்சு ஊறவெச்சு அரைச்சு வடிச்சாப் போதும். நாளையில இருந்து இது பேப்பர் ஆலை" என்று ஆணையிட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜை மேல் நான்கு தொட்டிகள் ஏறிவிட்டன. அன்றிலிருந்து நாங்கள் இஸ்திரி மேஜையில் சாப்பிடுகிறோம். அது நீளம் அதிகம், அகலம் குறைவு. நால்வரும் ரயிலில் உட்கார்ந்ததுபோல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது, ஆனாலும் ஜீரணத்துக்குக் குறை இல்லை.

கூழை வடிப்பதற்குச் சட்டம் வேண்டும். நான் சொன்ன சட்டம் இல்லை, மரச் சட்டம். நான்கு மூலையும் சரியாக இருக்க வேண்டும், அதில் வலை கட்ட வேண்டும். கொசுவலையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மரச் சட்டத்துக்கு வீடு முழுக்க டேப் வைத்து அளந்து பார்த்து, கடைசியில் எங்கள் கல்யாணப் போட்டோவின் சட்டம்தான் கச்சிதம் என்று முடிவு செய்தார்கள். மேனேஜர் ஒழுங்காக அனுமதி கேட்டாள், நீ வளர்ப்பைப் பற்றிப் பேசக் கூடாது. "அம்மா, போட்டோ வேணுமா, சட்டம் வேணுமா?" என்று கேட்டாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மனைவி "போட்டோதான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே போட்டோ பத்திரமாக இருக்கிறது. நீயும் நானும் அவளும் அத்தானும் இப்போது ஃபிரிட்ஜில் காந்தத்தின் கீழ், உன் விண்ணப்பங்களுக்குக் காவலாக நிற்கிறோம். இந்தக் காகிதம் ஏன் இந்த வினோதமான அளவில் இருக்கிறது என்று நீ யோசித்திருப்பாய். அந்தப் போட்டோவின் அளவு.

அடுத்தது அரைப்பது. முதலில் கையால் பிசைந்தார்கள். பிறகு மிதித்தார்கள். மிக்சியைத் தொடக் கூடாது என்று அவர்கள் அம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அதைத் தொடவில்லை, சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளைகள். என் பட்டறை நம் வீட்டு முன்னறை என்பதும் அங்கே எப்போதும் ஊரார் மெஷின் நான்கைந்து நிற்கும் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு நின்றது பல் டாக்டருடைய மெஷின். என் மனைவி வேலை பார்க்கும் கிளினிக்கின் அதே பல் டாக்டர். அவருடைய கோட்டுகளையும் துண்டுகளையும் துவைக்கிற மெஷின். பெல்ட் மாற்றி, மூடியையும் போட்டு, வெறும் தண்ணீரில் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று குழாயை மாட்டியிருந்தேன். நான் திருப்புளியைத் தேடிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், எதுக்கு ஸ்டூல் மேல் நிற்கிறான், மேனேஜர் வாளி வாளியாக எடுத்துக் கொடுக்கிறாள், ஊறின பேப்பர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நீ அனுப்பிய பயிற்சிப் புத்தகங்கள் என்ன ஆயின என்று அத்தானை விட்டு இரண்டு முறை விசாரித்தாய். பதினான்கும் முழுமையாகப் பயன்பட்டன அக்கா. ஒரு பக்கம்கூட வீணாகவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். பார்த்துக்கொண்டா நின்றாய் என்றுதானே? ஆமாம், நின்றேன். சட்டம் இரண்டு. கூழ் போய்த் தண்ணீர் வெளியேறும் குழாயை அடைக்கும் என்று இருபது வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும். ஆனால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் அடைத்தால்தானே தெரியும்? நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஒன்பது நிமிடம் அருமையாக ஓடியது. பத்தாவது நிமிடம் அடைத்தது. எதுக்கு ஸ்டூலிலிருந்து குதித்து, "அப்பா! குழாய் அடைச்சா தண்ணி மேல வழியாத்தான் வரும், இல்ல?" என்று கத்தினான். எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் அக்கா இது இருக்கிறது? நான் ஆனந்தத்தில் மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். கணுக்கால் வரை தண்ணீர் நின்றபோது மேனேஜர்தான் போய் அணைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்களே, அந்த நிலை. பிறகு மூவரும் சேர்ந்து துடைத்தோம். கூழை ஒரு சொட்டு விடாமல் வாளியில் அள்ளினார்கள். நான் மெஷினைக் கழற்றி, கழுவி, மூன்று தடவை வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, மறுநாள் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தேன். என் தொழிலில் என்னைக் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

தண்ணீர் நம் வீட்டோடு நிற்குமா? கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர். மத்தியானத் தூக்கத்தில் இருந்தவர் மேல் சொட்டியிருக்கிறது. நல்ல கனமான மனிதர், மாடிப்படியில் அவர் ஏறுவது அவர் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். "என்னய்யா நடக்குது இங்க? வீடா, ஏரியா?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் முதல் காகிதத்தை வடித்து, இரண்டு பழைய துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு பலகையையும் வைத்து, எதை ஏற்றி அழுத்தலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். "மாமா, நின்னுட்டே பேசறீங்களே, உட்காருங்க" என்றாள். பலகை மேல் மெத்தை போட்டிருந்தது. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே கால் மணி நேரம் திட்டினார். அவர் எழுந்திருக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் எதுக்கு, "மாமா, கூரை எதுக்கு ஒழுகுது?", "மாமா, இந்த வீட்டை எதுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கட்டினீங்க?" என்று ஒன்றைக் கேட்பான். அவர் வீடு கட்டிய கதையை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சொன்னார். எழுந்து பார்த்தால் காகிதம் தகடு மாதிரி வந்திருந்தது. "என்னை வெச்சு அமுக்கினீங்களா?" என்றார். கோபப்படுவார் என்று நான் கும்பிடப் போனேன். அவரோ காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாளைக்கும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது என்னமோ ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை.

ஆனால் அன்றைய காகிதம் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. ஒன்றில் பேனாவை வைத்தாலே ஓட்டை விழும், இன்னொன்றில் எழுதினால் மை நாலா பக்கமும் ஓடும். எண்ணிப் பார்த்ததில் முப்பத்தெட்டுத் தாள் வீண். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. நாடகத்தை நிறுத்தியபோதும் எறும்பை விட்டபோதும் அவர்கள் முகம் இப்படி இல்லை. அவற்றை அவர்கள் விட்டார்கள், இது அவர்களை விட்டுப் போகிறது. ஒரு நாள் இஸ்திரி மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் நேராகப் பார்த்தபடியே, "அப்பா, எங்களால எதையும் முடிக்க முடியாதுன்னு அத்தை சொன்னது நிஜமா?" என்றாள். கை கழுவும் இடத்தில் அவளும் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது.

இந்த நேரத்தில்தான் கிளினிக்கிலிருந்து இடி விழுந்தது. மூன்று தடவை ஓடவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, உள் தொட்டிக்கு அடியில் ஓர் இடுக்கு இருக்கிறது, அங்கே கூழ் தங்கியிருக்கிறது. மெஷின் திரும்பிப் போன நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, ஒரு நாள் மொத்தமாக வந்துவிட்டது. ஆறு வெள்ளைக் கோட்டும் பொடுகு வந்த தலைபோல் ஆகிவிட்டன. டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்கு மேல் குனிய, கோட்டின் கையிலிருந்து துணுக்குகள் உதிர, நோயாளி அதைத் தன் பல்லின் தூள் என்று நினைத்து அலறியிருக்கிறார். டாக்டர் என் மனைவியைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். கோட்டைக் கழற்றி அவளுடைய மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். திட்டியிருந்தால் தேவலை. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போதும். நான் அண்ணிக்குப் போன் பண்றேன். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்கே கொண்டு போய் விடலாம்" என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். மேனேஜர்தான் போய் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, ரெண்டு நாள் குடு. கோட்டெல்லாம் நாங்க சரி பண்றோம். பேப்பரையும் முடிக்கறோம். முடியலைன்னா நானே பையைத் தூக்கிட்டுப் போறேன்." என் மனைவி போனை வைத்தாள். "ரெண்டு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது" என்றாள்.

மறுநாள் இருவரும் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு கோட்டுகளைத் துணுக்கு துணுக்காகச் சுத்தம் செய்தார்கள். எதுக்கு பொறுக்கிய துணுக்குகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்தான். பல் வலிக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கோட்டுக் கையை எடுத்துக்கொண்டு உதவியிருக்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சாரி சொல்ல வந்தீங்களா, ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா?" என்று கேட்க, எதுக்கு தலையைத் தூக்காமலே, "டாக்டர், மத்ததெல்லாம் கையால நசுக்கினா பொடியாகுது. இந்தத் துணுக்கு மட்டும் பிய்ய மாட்டேங்குது. எதுக்கு?" என்றானாம். அது அவருடைய கிளினிக் அட்டை. எந்தச் சட்டைப் பையிலோ கிடந்து துவைபட்டது. தடித்த நல்ல காகிதம். மேனேஜர் அப்படியே எழுந்து நின்றாளாம். பழைய செய்தித்தாளையே அரைத்துக்கொண்டிருந்தால் எப்படி நிற்கும், நல்ல காகிதத்தையும் சேர்த்தால்தான் பிடிக்கும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். டாக்டர் சிரித்தே விட்டார் என்று என் மனைவி வந்து சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு கோபத்தை மறந்துபோய்விட்டோமே என்று முகத்தை மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல காகிதத்துக்கு வேட்டை. அந்தச் சமயம் நான் மேஜையை நகர்த்துவதற்காக, அலமாரியிலிருந்து எடுத்த ஒரு ஃபைலைக் கூடை மேல் வைத்திருந்தேன். ஒரு நிமிடம்தான். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று. சட்டம் ஒன்றை எழுதியவன் நான். நான் திரும்பி வந்தபோது ஃபைல் இருந்தது, உள்ளே இருந்தது ஊறிக்கொண்டிருந்தது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அக்கா. கணக்கில் நான் வாங்கிய முப்பத்தாறு உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அப்பாவிடம் அறுபத்து மூன்று என்று நீதானே எனக்காகப் பொய் சொன்னாய். இனிமேல் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. தொட்டியில் பார்த்தேன். தடித்த காகிதம், கரைய மனமில்லாமல் மிதந்தது. மேனேஜர் கையை விட்டு அதைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்து, "அப்பா, இப்ப நீங்க வாய் திறக்கலாம். எவ்வளவு கூழுக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்டாள். ஆறு வாரமாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதும்மா என்றேன். "பரவால்ல, நாங்களே பார்த்துக்கறோம்" என்றாள். அவளே பார்த்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் வீட்டுச் சொந்தக்காரர் எழுந்தார், துண்டை விலக்கினார்கள், தாள் கிழியாமல் வந்தது. காய்ந்ததும் என் மனைவி கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள். மை ஓடவில்லை. பன்னிரண்டு தாள் வந்தன. எதுக்கு ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டு, "முடிஞ்சுது" என்றான். மழைக்கோட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என் மதிப்பெண் பட்டியலும் முதல் தடவையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

ஆகவே அக்கா, நீ கேட்டது உன் கையில் இருக்கிறது. ஆரம்பித்தார்கள், முடித்தார்கள். இழுத்துப் பார், கிழியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லிச் சிரிக்காதே, இதை அத்தானிடமும் காட்டு, உன் ஆசிரியைகளிடமும் காட்டு. திங்கட்கிழமை நான் வரப் போவதில்லை. பிள்ளைகளும் வரப் போவதில்லை. விண்ணப்பங்கள் இரண்டையும் திருப்பி அனுப்புவதாக இருந்தேன், நல்ல தடித்த காகிதமாக இருப்பதால் வைத்துக்கொள்கிறோம். இந்தக் குடும்பத்தில் கல்வி எப்படி நடக்க வேண்டும் என்பதில் இனி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது. எனக்கு இல்லை.

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உன் தொள்ளாயிரம் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கட்டும், நீ நூறு வயது இருந்து எல்லாரையும் மிரட்டிக்கொண்டிரு என்று வாழ்த்த எனக்கு வயதில்லாததால் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் பேச்சைக் கேட்கும், ஆனால் இம்முறை கேட்காத,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவர்கள் காகிதம், அவர்களுக்கு உரிமை உண்டு. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அத்தை ஸ்கூல்ல தொள்ளாயிரம் பேரா? ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு தாள் கிழிச்சுப் போட்டாலும் ரெண்டாயிரத்து எழுநூறு. எல்லாம் நல்ல பேப்பர். நம்ம வீட்டுல இனிமே கிழிக்க என்ன இருக்கு?" என்றாள். பார்த்தேன். வீட்டில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. "நாங்க திங்கக்கிழமையில இருந்து போறோம்" என்றாள். எதுக்கு அதற்குள் ஃபிரிட்ஜ் மேலிருந்து விண்ணப்பங்களை எடுத்து, கூழில் போடாமல், பெயரை எழுதிக்கொண்டிருந்தான். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நான் வாய் திறக்கலாமா என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. திங்கட்கிழமை எட்டரைக்கு நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை அக்கா, அவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். எனக்குத்தான், அவர்கள் இல்லாமல் அந்த முன்னறையில் ஒரு பகல் முழுக்க என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ரெண்டு வருஷமா ஒரு நாள் பிரிஞ்சதில்லக்கா. உன் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார், மின்விசிறி, ஏதாவது ரிப்பேர் இருக்கிறதா? இருந்தால் சொல்லு, காசு வேண்டாம், வந்து பார்த்துத் தருகிறேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால், தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் நீயே எதையாவது ஒன்றைக் கெடுத்து வை.